நம்பர் டூவுக்காக எழுதிய ஒரு வரி

போன வாரம் ஓர் அரசாங்க ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷ். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பேத்தி தன் போனை அந்தக் காகிதத்துக்கு மேலே பிடித்தாள். எழுத்தெல்லாம் ஒரு நொடி நெளிந்து தமிழாகிவிட்டது. ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்று தொடங்கி அதோடு முடிந்தும் விட்டது. கடைசியில் ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. “தாத்தா, கரெக்டா இருக்கா?” என்று கேட்டாள். கரெக்டாகத்தான் இருந்தது. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. இதே வேலையைப் பதினோரு வருஷம் பார்த்தவன் நான். தொடக்கத்தில் ஒரு தடவைகூட இத்தனை கரெக்டாகப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேயரில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்று வேண்டாம். தீவுகளில் குடியேற வந்தவர்களின் காகிதங்கள் எங்கள் கை வழியாகத்தான் போகும் என்றால் போதும். வருஷத்தில் முக்கால்வாசி மழை. ஃபைல்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மர அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பு பகலெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். கதவைத் திறந்தால் லேசாக வறுபட்ட காகித வாசனை வரும். இன்றைக்கும் வீட்டில் யாராவது இஸ்திரி போடும்போது துணி கொஞ்சம் காந்தினால் எனக்கு அந்த அலமாரி ஞாபகம் வரும், அலமாரியோடு தவசி அண்ணன் ஞாபகமும் வரும். அவர் கதையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீசில் மேஜைக்கு ஒரு பாஷை. வங்காளத்திலிருந்து வந்தவர்கள் வங்காளிக் குமாஸ்தாவின் மேஜைக்குப் போவார்கள், தெலுங்கர்கள் அதற்கடுத்த மேஜைக்கு. ஜன்னலோரம், மழை உள்ளே அடிக்கும் இடத்தில், என்னுடைய தமிழ் மேஜை. எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில். திருச்சியிலிருந்து கப்பலேறி வந்த எனக்குத் தெரிந்த ஹிந்தியை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். தலைமைக் குமாஸ்தாவை, படா பாபு என்போம், முதல் மாதம் முழுக்க ‘தும்’ என்று நீ போட்டே பேசியிருக்கிறேன். அவர் பெரிய மனசு பண்ணி, “சலேகா, சலேகா”, பரவாயில்லை, என்று விட்டுவிட்டார்.

மேலிடத்திலிருந்து இங்கிலீஷில் வரும் உத்தரவை அவரவர் மேஜையில் அவரவர் பாஷையில் வாசித்துச் சொல்ல வேண்டும், கேட்டால் எழுதியும் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது, நான் போவதற்கு முன்பே இருந்தது. உத்தரவு எத்தனை கடுமையாக இருந்தாலும் வாசிக்கிறவர் கடைசியில் தன் சொந்தமாக ஒரு நல்ல வரி சேர்த்துவிடுவார். ‘உங்கள் சிரமம் அரசாங்கத்துக்குத் தெரியும்’, ‘அடுத்த முறை உங்களைக் கட்டாயம் கவனிப்போம்’, இந்த மாதிரி. சிலோனிலிருந்து திரும்பி வந்த ஒரு தோட்டத் தொழிலாளி, கேட்ட இடம் கிடைக்காது என்று நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “கவர்மெண்டு நம்மள வெளங்கிக்கிட்டுதுங்க, அது போதுங்க” என்று சிரித்த முகத்தோடு போனார். அவருக்குப் பிடித்தது நான் சேர்த்த வரிதான். எனக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு வயது, வேறென்ன செய்யும்?

அந்த நாளில் முன்னாள் ராணுவத்தினரைக் குடும்பத்தோடு கேம்பல் பேயில் குடியமர்த்திக்கொண்டிருந்தார்கள். நிகோபாரின் தெற்குக் கோடி. போர்ட் பிளேயருக்கு வந்து, அங்கே போகும் கப்பலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் காத்துக் கிடந்தவர்களில் ஒருவர் தவசி, ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தவர். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். விண்ணப்பத்தில் ‘வீரப் பதக்கம் பெற்றிருந்தால் சான்றின் நகல் இணைக்கவும்’ என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் நிரப்பாத கட்டம். இவர் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் மேஜையில் வைத்தார். ஆபீசே எழுந்து வந்துவிட்டது. சேனா மெடல்! படா பாபு அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

மெடல் வாங்கிய வீரர் என்றால் எனக்கு மீசையும் மார்பும்தான் மனசில். இவர் ஒல்லியாக, இடது தொடையில் காயம்பட்டுக் கொஞ்சம் சாய்ந்து நடந்தார். இடது காது கேட்காது. பேசினால் வலது பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பார். முகத்தில் எதையோ வைத்த இடம் மறந்த பார்வை. எல்லோரும் கலைந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”

“உங்களுக்குத் தெரியாதாண்ணே?”

“பரேடுல இங்கிலீஷுல படிச்சாக. அப்ப ரெண்டு காதும் கேக்கல.”

மெடலோடு வந்த சான்றை வாசித்தேன். பாகிஸ்தான் சண்டையில், ஒரு கரும்புக் காட்டுப் பக்கம், எதிரி சுட்டுக்கொண்டே முன்னேற, தொடையில் குண்டு பாய்ந்த நிலையிலும் நாயக் தவசி தன் உயிரைத் துச்சமாக மதித்து, எல்.எம்.ஜி. என்கிற இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரைக்குத் தவழ்ந்து போனார். தன் ஆட்கள் பின்வாங்கி முடிக்கும்வரை தனி ஆளாக எதிரியை அங்கேயே தடுத்து நிறுத்தினார். நான் நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்ததாக ஞாபகம். அவர் வலது காதைக் கொடுத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி கேட்டார். நான் நிறுத்தியதும் கேட்டார்:

“அப்புறம் என்ன ஆச்சு?”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, அந்தச் சண்டை நாளில் அவருக்கு ஞாபகம் இருந்தது காலையில் குடித்த டீ மட்டும். அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரிக் கட்டில். நடுவில் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஷெல் வெடித்ததில் எல்லாம் போய்விட்டது. கூட இருந்தவர்கள் சொன்னதும் ஆளுக்கொரு விதம். சிங்கம் மாதிரி கத்தினாய் என்றானாம் ஒருவன், அம்மா அம்மா என்று அழுதாய் என்றானாம் இன்னொருவன்.

“மெடலு எனக்குத்தான் குத்துனாக. அங்க இருந்தது நாந்தானான்னு எனக்கே தெரியல தம்பி. பயந்திருப்பேன், அது மட்டும் நிச்சயம்.”

கப்பல் தள்ளித் தள்ளிப் போயிற்று. கடல் சரியில்லை என்பார்கள், அடுத்த லிஸ்டில் பெயர் என்பார்கள். அவர் இரண்டு நாளைக்கொரு தடவை வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். கூட்டம் குறைந்ததும், “அத இன்னொருக்கா படி” என்பார். நானும் படிப்பேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தனி ஆளாவா?”

“அப்படித்தான் போட்டிருக்குண்ணே.”

“எல்.எம்.ஜி.ய ஒரு ஆளு ஓட்ட முடியாது தம்பி. சுடுறவன் நம்பர் ஒன். தோட்டா தீரத் தீர மேகசின் மாத்திக் குடுக்கிறவன் நம்பர் டூ. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே கெடக்கணும். நம்பர் டூ இல்லாம அவ்வளவு நேரம் எப்பிடித் தடுத்து நிறுத்த?”

அவருடைய நம்பர் டூ பால்ச்சாமி. பக்கத்து ஊர்க்காரன். கூட டீ குடித்தவன்.

“அவனப் பத்தி ஏதும் போட்டிருக்கா?”

போடவில்லை. காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.

“அவன் வீட்டுக்காரி முத்துப்பேச்சி கடுதாசி போட்டுக்கிட்டே இருக்கு. அண்ணே, அவுகளுக்கு என்ன ஆச்சு, சொல்லுங்கண்ணேன்னு. ஆறேழு வருசமா. என்னத்தச் சொல்ல? நீ இதத் தமிழுல எழுதிக் குடு. அந்தப் பிள்ளைக்கு அனுப்புறேன். அன்னைக்கு நடந்ததுல நான் சொல்ல முடியாதத காயிதமாச்சும் சொல்லட்டும்.”

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் தமிழில் அழகாக எழுதினேன். எழுதி முடித்ததும், பேனா அதுவாகவே அடுத்த வரிக்குப் போய்விட்டது. பழக்கம். ‘அவருடைய நம்பர் டூ வீரர் பால்ச்சாமி, கடைசி மேகசின் தீரும்வரை அவர் பக்கத்தை விட்டு நகராமல், அங்கேயே வீரமரணம் எய்தினார்.’ எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு இதைவிட ஆறுதல் என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். படா பாபு சாப்பிடப் போயிருந்தார். அவர் மேஜையிலிருந்து ‘உண்மை நகல்’ முத்திரையை எடுத்து, அதன் கீழே வட்டமாகக் குத்தினேன்.

தவசி அண்ணன் அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. “இது அதுல இருந்துச்சா? போன தடவ நீ படிக்கலியே” என்றார். “இங்கிலீஷ்ல சுருக்கி எழுதியிருப்பாங்கண்ணே, தமிழ்ல விரிச்சாத்தான் தெரியும்” என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பாருங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஹேடோ துறையில் மெட்ராஸ் கப்பல் வந்த மறுநாள், வராந்தாவில் ஒரு பெண் நனைந்து நின்றாள். இருபத்தைந்து வயசுக்கு மேல் சொல்ல முடியாது. தீவில் கூலி வேலைக்கு வந்த ஊர்க்காரக் குடும்பத்தோடு கப்பலேறி, நாலு நாள் வாந்தியோடு வந்து சேர்ந்திருந்தாள்.

“தமிழ் மேசை எது?” என்று கேட்டாள்.

நான் எழுந்து நின்றேன். அவள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒன்றை என் முன்னால் விரித்தாள். என் கையெழுத்து. என் முத்திரை.

“நீங்க எழுதுனதா? இது நெசமா?”

பெஞ்சிலிருந்த தவசி அண்ணன் எழுந்து வந்தார். “முத்துப்பேச்சியா? என்ன தாயி, இம்புட்டுத் தூரம்!”

அவள் அவரைப் பார்த்ததும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நின்றபடியே பேசினாள். பால்ச்சாமி செத்துவிட்டதாக அதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. காணவில்லை என்றுதான் ராணுவத்திலிருந்து வந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை.

“ஓடிப்போயிட்டாருன்னு ஊருல பேசுனாக. எவளோடயோ இருக்காருன்னும் சொன்னாக. இருக்கட்டும்ணே. ஓடிப்போனாலும் எங்கயோ உசுரோட இருந்தாப் போதும்னு நான் இருந்தேன். மாமனாருக்குத்தான் தலகுனிவு. இந்தக் காயிதம் வந்த அன்னைக்கு அவரு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் தெருவுல போனாரு. போயி, சாங்கியத்துக்கு நாள் குறிச்சுட்டு வந்துட்டாரு. எந் தாலிய அறுக்கணுமாம்.” கழுத்திலிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “அறுக்கச் சொல்லுங்க, அறுக்குறேன். ஆனா பாத்தவுக வாயால கேட்டுட்டுத்தான். காயிதத்த நம்பி அறுக்க மாட்டேன்.”

ஆறுதல் என்று நான் எழுதிய வரி, அவள் ஆறேழு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிப் போட்டிருந்தது. காணவில்லை என்ற விஷயமே எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. சொல்லிவிட வேண்டும், இது என் கற்பனை, மன்னித்துக்கொள் தங்கச்சி என்று சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்.

“நான் பாத்தேன் தாயி” என்றார் தவசி அண்ணன்.

அவள் திரும்பினாள்.

“என் இடது கைப் பக்கம் கெடந்தான். ஒரு கால்ல பூட்ஸு இல்ல, சேத்துல மாட்டி உருவிக்கிருச்சு. மேகசின் தீந்துபோச்சுண்ணேன்னு சொன்னான். அடுத்தாப்புல நெஞ்சுல பட்டுருச்சு. கரையில இருந்து உருண்டு கால்வாய்க்குள்ள விழுந்தான். தண்ணி நெறைய ஓடுச்சு. இழுத்துட்டுப் போயிருச்சு. அதான் ஆளு கெடைக்கல.”

வங்காளிக் குமாஸ்தாகூடப் பேனாவை வைத்துவிட்டான், ஒரு வார்த்தை புரியாமலே.

“தண்ணி கேட்டாகளா?” என்றாள் அவள்.

“இல்ல தாயி. நேரமில்ல.”

“வலிச்சிருக்குமா?”

“இல்ல.”

தலையை ஆட்டினாள். அவர் சொன்ன பதிலுக்கெல்லாம் அப்படித்தான் ஆட்டினாள். அவர் டப்பாவைத் திறந்து மெடலை எடுத்து நீட்டினார். “இது அவனுக்கும் சேத்துக் குடுத்ததுதான். நீ வச்சுக்க.” அவள் அதை வாங்கி, ஓரத்தில் வெட்டியிருந்த எழுத்துக்களை விரலால் தடவினாள்.

“இதுல யாரு பேரு இருக்கு?”

“எம் பேரு.”

“ஒங்க பேரு போட்டத நான் கொண்டுபோயி என்னண்ணே செய்ய?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, படியிறங்கி மழையில் போனாள். திரும்பும் கப்பல் கிளம்பும்வரை அந்த ஊர்க்காரர்களின் குடிசையில் இருந்தாளாம். நான் போய்ப் பார்க்கவில்லை. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருந்த என் அறைக்கும் அந்தக் குடிசைக்கும் கால் மணி நேர நடைதான். போயிருக்கலாம். தினமும் கிளம்பி, செருப்பைப் போட்டு, திரும்பவும் கழற்றி வைத்தேன். வெட்கம்.

நான் திரும்பத் திரும்ப யோசித்தது அந்த பூட்ஸைத்தான். நான் பூட்ஸ் எழுதவில்லை. கால்வாய்க்குள் விழுந்ததையும் எழுதவில்லை. என் வரியில் இருந்தது ஒரு மேகசினும் ஒரு மரணமும். மீதியெல்லாம் இவருக்கு எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் பாதியில் தொங்க வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னாரா? அப்படியானால் அவரும் என் மேஜைக்காரர்தான். அல்லது, தொலைந்துபோன அந்த ஒரு நாள் நிஜமாகவே அந்த வராந்தாவில் வைத்து அவருக்குத் திரும்பி வந்ததா?

அவள் கப்பலேறிய பிறகு ஒரு சாயங்காலம், துறைக்கு எதிரே டீக்கடையில் துணிந்து கேட்டேன். “அண்ணே, அன்னைக்குச் சொன்னதெல்லாம்… உங்களுக்கு ஞாபகம் வந்துருச்சா?”

கிளாஸைக் கையில் உருட்டினார்.

“நீ எழுதுனத தெனம் மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருந்தேன்ல தம்பி. கடைசி மேகசினு, கடைசி மேகசினுன்னு. ஒரு நாளு அவன் மூஞ்சி தெரிஞ்சுச்சு. அப்புறம் காலு தெரிஞ்சுச்சு. தண்ணிச் சத்தம்கூடக் கேட்டுச்சு. ரெண்டு காதுலயும்.” பிறகு வலது காதை என் பக்கம் திருப்பினார். “ஏன் தம்பி, நீ எழுதுன அந்த வரி நெசந்தான? அந்த இங்கிலீஷுல அப்பிடித்தான இருந்துச்சு?”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக அதில் அந்தத் தேடுகிற பார்வை இல்லை.

“நெசந்தாண்ணே” என்றேன்.

“அப்ப சரி” என்று டீயைக் குடித்து முடித்தார்.

அந்த மாதமே அவர் பெயர் லிஸ்டில் வந்தது. கேம்பல் பேயில் தென்னையும் பாக்கும் வைத்தார். போர்ட் பிளேயர் வந்தால் என் மேஜையில் ஒரு பப்பாளியாவது வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் பால்ச்சாமியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்வார், சாகும் முன் சிரித்தான் என்பார், ஏதோ சாமி பெயர் சொன்னான் என்பார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். நல்ல வரி சேர்க்கும் வழக்கத்தை அதற்குள் விட்டிருந்தேன். உத்தரவில் இருந்ததை மட்டும் வாசித்தேன். அதனால் யாருக்கும் நல்லது நடந்ததாகத் தெரியவில்லை. தமிழ் மேஜையில் இருக்கிறவன் கல்நெஞ்சக்காரன் என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

சுனாமிக்கு நாலு வருஷம் முன்பே தவசி அண்ணன் போய்விட்டார். சுனாமியில் அவர் வைத்த தென்னையோடு வீடும் கடலுக்குள் போயிற்று, பிஸ்கட் டப்பாவும் அதற்குள் இருந்த மெடலும் இங்கிலீஷ் சான்றும் போயின. அவர் மகன் உயிர் தப்பிப் போர்ட் பிளேயர் முகாமுக்கு வந்தபோது பார்த்தேன். “அப்பா மெடலு போச்சு மாமா” என்று அழுதான். எங்கள் ஆபீஸ் கட்டிடத்தை அதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். பழைய ஃபைல்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. முத்துப்பேச்சி இருக்கிறாளா என்பதும் தெரியாது. இருந்தால், அந்தக் கழுத்து வெறுமையாகி ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். அவள் கொண்டுபோன காகிதம் மட்டும் அந்த ஊரில் எங்காவது இருக்கலாம். இருந்தால், அந்தக் கரும்புக் காட்டில் நடந்ததற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதில் கடைசி வரி நான் இட்டுக்கட்டியது என்று அடித்துச் சொல்ல வேண்டியவன் நான். ஆனால் ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் கிடக்கும் பால்ச்சாமியை இப்போது எனக்கே நன்றாகத் தெரிகிறது.